ஏறி இறங்கிய காசோலை: இணையத்தில் பழைய கார் விற்ற ஒருவருக்கு நேர்ந்தது

கலிஃபோர்னியாவில் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்ப முடிவு செய்த என் நண்பர் ஒருவர், 2025ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் தம் காரை இணையத்தில் விற்க முயன்றபோது ஒரு போலிக் காசோலையால் ஏமாற்றப்பட்டார். அவருடைய இசைவோடும், அவர் யார் என்பது தெரியாதவாறும் அந்த நிகழ்வை இங்கே விரிவாக எழுதுகிறேன். அவர் கவனக்குறைவானவர் அல்லர். வங்கிக்கு நேரில் சென்று கேட்டார். பணம் கணக்கில் ஏறும்வரை காத்திருந்தார். அதன் பிறகே அடுத்த அடி எடுத்து வைத்தார். அத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் பணம் எப்படிப் போயிற்று என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

நடந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம் 2015 டொயோட்டா கேம்ரியை 8,400 டாலருக்கு விற்பதாக நண்பர் விளம்பரம் கொடுத்தார். விமானம் ஏற நான்கு வாரமே இருந்ததால், நாடு திரும்புவதாகவும் விரைவில் விற்க வேண்டியிருப்பதாகவும் விளம்பரத்திலேயே எழுதியிருந்தார். வாங்குபவர்களின் இரக்கத்தை எதிர்பார்த்து எழுதிய அந்த ஒரு வரி, அவருக்கு அவசரம் இருக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டது.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு குறுஞ்செய்தி வந்தது. கார் இன்னும் இருக்கிறதா என்று கேட்டவர், இருக்கிறது என்றதும் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எத்தனை மைல் ஓடியது, விபத்து ஏதும் நடந்ததா, டயர் எப்போது மாற்றினீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை; வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. தாம் வேலை நிமித்தமாகக் கடலில் ஓர் எண்ணெய்த் துரப்பண மேடையில் இருப்பதாகவும், கார் தம் மகளுக்கான பரிசு என்பதால் தம் சார்பில் ஒரு வண்டி ஏற்றிச் செல்லும் நிறுவனம் வந்து எடுத்துக்கொள்ளும் என்றும் எழுதினார். விளம்பரத்தை நீக்கிவிட்டு வண்டியைத் தமக்காகவே வைத்திருந்தால் 200 டாலர் கூடுதலாகத் தருவதாகவும் சொன்னார். நண்பர் அன்று மாலையே விளம்பரத்தை எடுத்துவிட்டார். உண்மையான வாங்குநர்கள் வந்து சேரும் வழி அத்தோடு அடைபட்டது.

புதன்கிழமை காலை கூரியரில் ஓர் உறை வந்தது. அதில் 10,900 டாலருக்கு ஒரு கேஷியர்ஸ் செக், அதாவது வங்கி தன் பொறுப்பிலேயே எழுதித் தரும் காசோலை, இருந்தது. காரின் விலை 8,400. நண்பருக்குச் சேர வேண்டிய 200. மீதி 2,300 டாலர் வண்டி ஏற்றிச் செல்பவருக்கான கூலி. தம் அலுவலகக் கணக்காளர் எல்லாவற்றையும் ஒரே காசோலையாக எழுதிவிட்டார் என்றும், அந்த 2,300ஐ மட்டும் வண்டிக்காரருக்கு அனுப்பி வைத்தால் சனிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொள்வார்கள் என்றும் வாங்குநர் விளக்கினார். காசோலை வங்கியில் ஏறிய பிறகு அனுப்பினால் போதும் என்று அவரே சொன்னதுதான் நண்பரின் கடைசிச் சந்தேகத்தையும் போக்கியது.

நண்பர் அன்றே வங்கிக் கிளைக்குச் சென்று டெல்லரிடம் (காசாளரிடம்) காசோலையைக் கொடுத்தார். வியாழக்கிழமை காலை அவருடைய கணக்கில், எடுக்கத்தக்க இருப்பு 6,725 டாலர் கூடியிருந்தது. மீதி 4,175 நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்துக் காசோலை கிளியர் ஆகிவிட்டதா என்று கேட்டார். பணம் கணக்கில் இருக்கிறது, பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது. அன்று மாலை வங்கிச் செயலியில் இருந்த உடனடிப் பரிமாற்ற வசதி வழியாக 2,300 டாலரை, வண்டிக்காரர் என்று சொல்லப்பட்டவரின் பெயருக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை, அதே கணக்கிலிருந்து 1,900 டாலருக்கு விமான டிக்கெட் எடுத்தார்.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. டிரக் பழுதாகிவிட்டது, காப்பீட்டுக்கு இன்னும் 600 டாலர் தேவை என்று செய்தி வந்தது. ஞாயிறு காலை நண்பர் என்னை அழைத்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, “அண்ணா, பேங்க்ல கேட்டுட்டுத்தான் அனுப்பினேன். பணம் கணக்குல ஏறிடுச்சு, என் கண்ணால பார்த்தேன்” என்றார். “ஏறினது சரி தம்பி. அந்தச் செக்கைக் குடுத்த பேங்க் இன்னும் பணம் குடுத்துச்சா?” என்று கேட்டேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை என்பதால் அல்ல, அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தோன்றியது என்பதால்.

செவ்வாய்க்கிழமை காசோலை திரும்பி வந்தது.

காசோலையின் படத்தில் கண்டது

நண்பர் டெபாசிட் செய்வதற்கு முன் காசோலையின் இரு பக்கங்களையும் உறையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். ஞாயிறன்று அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஓஹையோவில் இருக்கும் ஒரு வங்கி வழங்கியதாகக் காசோலை சொன்னது. உறையோ வேறொரு மாநிலத்திலிருந்து, வாங்குநரின் பெயரோ அந்த வங்கியின் பெயரோ இல்லாத ஒரு மூன்றாம் நபரிடமிருந்து வந்திருந்தது. பணம் கட்டிக் காசோலை வாங்கியவர் என்ற இடத்தில் நான்காவதாக ஒரு பெயர் இருந்தது. ஒரு கார் விற்பனையில் நான்கு பெயர்கள் எதற்கு என்று அவர் புதன்கிழமையே கேட்டிருக்கலாம் என்பது இப்போது சொல்வதற்கு எளிது.

காசோலையின் அடியில், காந்த மையால் அச்சிடப்படும் வரிசையில், ஒன்பது இலக்க ரூட்டிங் எண் ஒன்று இருக்கும். காசோலை எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த எண்ணே. மேலே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வங்கிப் பெயரைக் காசோலைகளைப் பிரித்தனுப்பும் இயந்திரம் படிப்பதில்லை. அமெரிக்காவின் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அமைப்பு 12 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், வணிக வங்கிகளின் ரூட்டிங் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் 01 முதல் 12 வரை இருந்து அந்த மாவட்டத்தைக் காட்டும். ஓஹையோ, கிளீவ்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட நான்காம் மாவட்டத்தில் இருக்கிறது. நண்பரிடம் இருந்த காசோலையின் எண்ணோ 11இல் தொடங்கியது. அது டாலஸ் மாவட்டத்துக்குரியது. ஒரே வங்கி பல மாவட்ட எண்களை வைத்திருப்பதும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துக் காசோலை போலி என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் பெயர் ஓரிடத்தையும் எண் வேறிடத்தையும் காட்டும்போது காசோலை முதலில் தவறான வங்கிக்குப் போய்ச் சேரக்கூடும், திரும்பி வர அதனால் நாள்கள் கூடும். ஏமாற்றுக்காரனுக்கு அந்தக் கூடுதல் நாள்களே வேண்டியவை.

ரூட்டிங் எண்ணைச் சரிபார்க்க ஒரு கணக்கும் இருக்கிறது. ஒன்பது இலக்கங்களையும் முறையே 3, 7, 1, 3, 7, 1, 3, 7, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 123456780 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் 3, 14, 3, 12, 35, 6, 21, 56, 0 என்று வந்து கூட்டுத்தொகை 150 ஆகிறது, வகுபடுகிறது. வகுபடாத எண் போலி என்பது உறுதி. வகுபடும் எண் உண்மையானது என்று மட்டும் யாரும் எண்ணிவிடக் கூடாது. போலி அச்சிடுபவர்கள் இருக்கும் வங்கிகளின் எண்களைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். நண்பருடைய காசோலையின் எண்ணும் இந்தக் கணக்கில் தேறியது.

காந்த மை மங்கலாக இருக்கும், சாதாரண லேசர் அச்சு பளபளக்கும் என்பார்கள். காகிதத்தின் ஓரம் கிழித்தெடுத்த சொரசொரப்போடு இருக்க வேண்டும் என்பார்கள். இவையெல்லாம் மோசமான போலியைக் கண்டுபிடிக்க உதவும். நல்ல போலியிடம் இவை செல்லாது. நீரோட்டக் குறி முதல் அதிகாரியின் கையெழுத்து வரை எல்லாம் பொருந்திய போலிகளை வங்கி ஊழியர்களே கண்டறிய முடியாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே காகிதத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

‘கிளியர்’ என்ற சொல்

நண்பர் வங்கியிடம் கேட்ட கேள்விக்கும் வங்கி சொன்ன பதிலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. அதில்தான் அவர் விழுந்தார்.

நம் ஊரில் காசோலை கிளியர் ஆகிவிட்டது என்றால், அதை எழுதியவரின் வங்கி ஏற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகே பணத்தை எடுக்க விடுவது பொதுவான வழக்கம். கேஷியர்ஸ் செக் என்றால் நமக்கு டிமாண்ட் டிராஃப்ட் நினைவுக்கு வருகிறது. முன்பணம் கட்டி வாங்கியது, திரும்பி வராது என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது. உண்மையான கேஷியர்ஸ் செக்கைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரியானதே. வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து பணத்தை முதலிலேயே எடுத்துக்கொண்டு, வங்கி தன் மீதே எழுதித் தரும் காசோலை அது. அதற்குப் பொறுப்பு வங்கி. ஆனால் கைக்கு வந்த காகிதம் அந்த வங்கி எழுதியதுதானா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. நம்முடைய பழைய நம்பிக்கை அந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் பணம் எடுக்கத்தக்கதாக ஆவதும், காசோலைக்கு இறுதியாகப் பணம் கொடுக்கப்படுவதும் இரு வேறு நிகழ்வுகள். முன்பு வங்கிகள் வாடிக்கையாளர் செலுத்திய காசோலைப் பணத்தைப் பல நாள்கள் தம்மிடமே நிறுத்தி வைத்ததால், 1987ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, எந்த வகைக் காசோலைக்கு எத்தனை வேலை நாளுக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று வரையறுத்தது. வாடிக்கையாளர் தம் பெயருக்கு வந்த கேஷியர்ஸ் செக்கை டெல்லரிடம் நேரில் செலுத்தினால், பொதுவாக அடுத்த வேலை நாளே பணம் கிடைக்க வேண்டும். பெரிய தொகையாக இருந்தால் ஒரு வரம்புக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் வங்கி கூடுதல் நாள்கள் நிறுத்தி வைக்கலாம். அந்த வரம்பு 2025ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் 5,525 டாலரிலிருந்து 6,725 டாலராக உயர்த்தப்பட்டது. நண்பரின் கணக்கில் வியாழன் காலை தோன்றிய 6,725 என்ற எண் இப்படி வந்ததுதான். காசோலையை யாரும் ஆராய்ந்து பார்த்ததால் அது வரவில்லை.

கணக்கு அடிக்கடி எதிர்மறையாகப் போயிருந்தாலோ, காசோலை திரும்பிவிடும் என்று ஐயப்பட நியாயமான காரணம் இருந்தாலோ, வங்கி முழுத் தொகையையுமே அதிக நாள் நிறுத்தி வைக்க முடியும். பத்தாண்டுகளாக ஒரு முறைகூடக் கணக்கு எதிர்மறையாகப் போகாத நண்பரைப் போன்றவர்களிடம் வங்கிக்கு அப்படி ஐயம் எழுவதில்லை. நல்ல வாடிக்கையாளர் என்ற பெயரே இங்கே அவருக்கு எதிராக வேலை செய்தது.

நிறுத்தி வைத்தது 4,175 டாலர் என்றாலும் அது நண்பரைக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏமாற்றுபவருக்கு 10,900 டாலரும் கிளியர் ஆக வேண்டிய தேவையே இல்லை. விற்பவர் திருப்பி அனுப்ப வேண்டிய 2,300 மட்டும் கணக்கில் தெரிந்தால் போதும். காரும் அவருக்குத் தேவையில்லை. துரப்பண மேடையும் மகளும் டிரக்கும், விற்பவர் தம் சொந்தப் பணத்தை அனுப்பும் வரை அவரைப் பேச்சில் வைத்திருக்கவே பயன்பட்டன.

இதற்கிடையில் காசோலை தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் காசோலைக் கட்டுகள் விமானத்தில் பறந்து வங்கி வங்கியாகப் போயின. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் தரையிறக்கப்பட்டபோது காசோலைகளும் அப்படியே தேங்கின. அந்த அனுபவம் உந்தித் தள்ள, காகிதத்துக்குப் பதிலாகப் படத்தை அனுப்ப வழிசெய்யும் சட்டம் 2003இல் இயற்றப்பட்டு 2004 அக்டோபர் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று படம் ஒரு நாளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பணம் கொடுக்க வேண்டிய வங்கி, காசோலை தன்னிடம் வந்த நாளுக்கு அடுத்த வங்கி நாளின் நள்ளிரவுக்குள் திருப்பி அனுப்ப முடிவெடுக்க வேண்டும் என்பது பொது விதி. எனவே பெரும்பாலான போலிகள் சில நாள்களில் வெளிப்பட்டுவிடும். எண் தவறி வேறு வங்கிக்குப் போனாலோ, எழுத்து இயந்திரத்தால் படிக்க முடியாதபடி இருந்தாலோ, வாரக் கணக்கிலும் இழுக்கும். அதுவரை விற்பவரின் கணக்கில் இருப்பது வங்கி முன்கூட்டியே கொடுத்த தற்காலிக வரவு மட்டுமே. காசோலை திரும்பினால் அதை மீட்டுக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. பின்புறம் கையெழுத்திட்டவரும் அந்தக் காசோலைக்குப் பொறுப்பாளி.

ஆகவே வங்கியிடம் கேட்க வேண்டியது, பணம் ஏறிவிட்டதா என்பது அன்று. இந்தக் காசோலைக்கு வழங்கிய வங்கி இறுதியாகப் பணம் கொடுத்துவிட்டதா, இனி இது திரும்பி வர வாய்ப்பு உண்டா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பல ஊழியர்கள் உறுதியாகச் சொல்ல முடியாது என்றே பதில் தருவார்கள். அந்தப் பதிலே போதுமானது. உறுதி கிடைக்கும்வரை ஒரு டாலரும் வெளியே போகக் கூடாது. நண்பரிடம் தொலைபேசியில் பேசிய ஊழியர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். ஆனாலும், ஒரு தனிநபர் கேஷியர்ஸ் செக்கைச் செலுத்திவிட்டு மறுநாளே அதைப் பற்றி விசாரித்தால், ‘இருப்பில் தெரிவதாலேயே காசோலை நல்லது என்று ஆகாது’ என்று ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்ல ஊழியர்களைப் பழக்கியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இழப்பும் புகாரும்

காசோலை வருவதற்கு முன் நண்பரின் கணக்கில் 3,100 டாலர் இருந்தது. அவர் அனுப்பியது 2,300, டிக்கெட்டுக்குச் செலவிட்டது 1,900. காசோலை திரும்பி, வங்கி தன் வரவை எடுத்துக்கொண்டபோது கணக்கு 1,100 டாலர் கடனில் நின்றது. காசோலை திரும்பியதற்கான கட்டணம் அதற்கு மேல். டிக்கெட்டுக்குக் கொடுத்தது அவர் சொந்தச் செலவு என்பதால் உண்மையான இழப்பு 2,300 டாலரும் கட்டணமும்தான் என்றாலும், நாட்டை விட்டுப் புறப்படும் நேரத்தில் கணக்கை மூட முடியாத நிலை அவரை மிகவும் வாட்டியது. கடனைத் தீர்க்காமல் கணக்கு மூடப்பட்டால் அந்தத் தகவல் வங்கிக் கணக்கு வரலாற்றைத் திரட்டும் நிறுவனங்களிடம் போய், ஐந்தாண்டுகள் வரை புதுக் கணக்கு தொடங்கத் தடையாகலாம். அதனால் அவர் கடன் வாங்கி அன்றே அந்தப் பள்ளத்தை அடைத்தார்.

அனுப்பிய பணத்தை வங்கி ஏன் மீட்டுத் தரவில்லை என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். மின்னணுப் பரிமாற்றங்களுக்கான கூட்டாட்சி விதி, கணக்கு வைத்திருப்பவருக்குத் தெரியாமல் வேறொருவர் செய்த பரிமாற்றத்திலிருந்து பாதுகாப்புத் தருகிறது. ஏமாற்றப்பட்டு, ஆனால் தாமே பொத்தானை அழுத்தி அனுப்பியது அந்தப் பாதுகாப்பில் பொதுவாக வராது. அனுப்பிய சில நிமிடங்களிலேயே வங்கியை அழைத்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருக்க முடியும். நண்பர் அழைத்தபோது நான்கு நாள்கள் கடந்திருந்தன.

ஞாயிறன்று நாங்கள் செய்தவற்றில் பயனுள்ளதாக அமைந்தது, செய்திகள், உறை, கூரியர் கண்காணிப்பு எண், பரிமாற்ற ரசீது ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்ததுதான். திங்களன்று வங்கியின் மோசடிப் பிரிவுக்கும், உள்ளூர்க் காவல் துறைக்கும், நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனின் மோசடிப் புகார் தளத்துக்கும், எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்துக்கும் அதே கோப்பிலிருந்து புகார் சென்றது. காசோலை அரசுத் தபாலில் வந்திருந்தால் அமெரிக்கத் தபால் ஆய்வுத் துறையிடமும் சொல்ல வேண்டும். புகார் கொடுத்த பிறகு, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் அது இரண்டாவது மோசடி. நண்பருக்கு அப்படி ஓர் அழைப்பு இரண்டு வாரத்தில் வந்தது.

இரண்டாவது முறை விற்றது

காரை எப்படியும் விற்றாக வேண்டியிருந்தது. விளம்பரத்தை மறுபடியும் போட்டபோது நாடு திரும்பும் செய்தியை நீக்கச் சொன்னேன். நேரில் வந்து வண்டியைப் பார்ப்பவருக்கு மட்டுமே விற்பனை, பணம் கைமாறுவது வாங்குபவரின் வங்கிக் கிளையில், வேலை நாளில், வேலை நேரத்தில் என்று விளம்பரத்திலேயே எழுதினார். முதல் இரண்டு நாளில் வந்த செய்திகள் பாதியாகக் குறைந்தன. குறைந்தவை எவை என்பதை ஊகிக்கலாம்.

வேலை நேரம் என்பதற்குக் காரணம் உண்டு. கூடுதல் தொகை அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்பது இந்த மோசடியின் ஒரு வடிவம். மற்றொன்றில் வாங்குபவர் நேரிலேயே வருவார். வெள்ளி மாலையோ சனிக்கிழமை பிற்பகலோ, வங்கி மூடிய பிறகு, சரியான தொகைக்கு அழகான ஒரு கேஷியர்ஸ் செக்கோடு வந்து, வண்டியையும் கையெழுத்திட்ட டைட்டிலையும் (வண்டியின் உரிமைச் சான்றையும்) வாங்கிப் போய்விடுவார். திங்களன்று விற்றவர் வங்கிக்குப் போகும்போது கார் வேறொருவர் கைக்கு மாறியிருக்கும். இந்த வடிவத்தில் முழு வண்டியும் போய்விடுகிறது. காசோலையில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்துச் சரிபார்ப்பதும் பயன்படாது. போலியை அச்சிட்டவர் தம் கூட்டாளியின் எண்ணையே போட்டிருப்பார். வங்கியின் எண்ணை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ, வைப்புக் காப்பீட்டு நிறுவனமான எஃப்டிஐசியின் வங்கித் தேடல் பக்கத்தின் வழியாகவோதான் எடுக்க வேண்டும். அப்போதும், அந்த எண்ணில் அந்தத் தொகைக்கு ஒரு காசோலை வழங்கியது உண்மை என்றே வங்கி சொன்னாலும், கையில் இருப்பது அதன் நகலாக இருக்கக் கூடும்.

ரொக்கமாக வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். வங்கிக் கிளையில் டெல்லர் எண்ணிப் பார்த்துக் கணக்கில் செலுத்தினால் அது நல்ல வழியே. 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கத்தைச் செலுத்தினால் வங்கி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பும், அதனால் விற்பவருக்குத் தீங்கில்லை. அந்த அறிக்கையைத் தவிர்ப்பதற்காகத் தொகையைப் பிரித்துப் பிரித்துச் செலுத்துவதுதான் குற்றம். வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாக அனுப்பும் வயர் டிரான்ஸ்ஃபர் வழியாகப் பணம் வந்து சேர்ந்ததாகத் தம் வங்கியே உறுதி செய்தால் அதுவும் நம்பத்தக்கது. பணம் அனுப்பிவிட்டதாக வாங்குபவர் காட்டும் கைப்பேசித் திரையின் படமோ மின்னஞ்சலோ சான்று ஆகாது. நடுவில் ஒரு நிறுவனம் பணத்தை வைத்திருக்கும் என்று சொல்லி வாங்குபவரே ஒரு தளத்தின் இணைப்பை அனுப்பினால், அந்தத் தளமும் அவருடையதாகவே இருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வண்டியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, 150 டாலர் பேரம் பேசிக் குறைத்த ஓர் இளைஞரோடு நண்பர் அந்த இளைஞரின் வங்கிக் கிளைக்குப் போனார். நானும் உடன் இருந்தேன். இளைஞர் அடையாள அட்டையைக் காட்டித் தம் கணக்கிலிருந்து 8,250 டாலருக்குக் கேஷியர்ஸ் செக் கேட்டார். டெல்லர் அச்சிட்டுக் கையெழுத்திட்டு, கண்ணாடித் தடுப்பின் கீழாக நீட்டியபோது, இளைஞர் ஒதுங்கி நின்று நண்பரையே வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாசலில் இருந்த மேசையில் டைட்டிலில் நண்பர் கையெழுத்திட்டார். வண்டி ஓடிய தொலைவைக் காட்டும் ஓடோமீட்டர் எண்ணை இருவரும் காரில் ஒரு முறை பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள். விற்பனைச் சீட்டை இரண்டு படிகளாக எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து நேராக நண்பரின் வங்கிக்குப் போய்க் காசோலையைச் செலுத்தினோம்.

கார் கைமாறிய ஐந்து நாளுக்குள் கலிஃபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறையான டிஎம்விக்கு வண்டி தம் பொறுப்பில் இல்லை என்று விற்றவர் அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் புதியவர் வாங்கும் நிறுத்தக் கட்டண அபராதங்களும் பழையவர் பெயருக்கே வரக்கூடும். நண்பர் அதை அன்று மதியமே இணையத்தில் முடித்துவிட்டார். ஒன்பது நாள் கழித்து, விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள், தம் வங்கியை அழைத்து அந்தக் காசோலைக்கு இறுதியாகப் பணம் கொடுக்கப்பட்டுவிட்டதா என்று அதே சொற்களில் கேட்டார். ஆம் என்று பதில் வந்த பிறகே கடனாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்தார். முதல் வாங்குநருக்காக அனுப்பிய 2,300 டாலர் இன்றுவரை திரும்பி வரவில்லை.